கிரேக்கோ தி தூஃபோ: பெயர் வந்த வழியும் தமிழில் எழுதும் முறையும்

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்குக் கிழக்கே, மலைகளுக்கு நடுவில் சபாத்தோ ஆறு ஓடுகிறது. அந்தப் பள்ளத்தாக்கில் உள்ள சிற்றூர் தூஃபோ. அங்கும் பக்கத்து ஊர்களிலும் விளையும் வெள்ளைத் திராட்சைக்குப் பெயர் கிரேக்கோ. அதிலிருந்து செய்யும் வெள்ளை ஒயின்தான் கிரேக்கோ தி தூஃபோ. ஆக, அந்தப் பெயருக்கு ‘தூஃபோ ஊரின் கிரேக்கோ’ என்று பொருள்.

ஊரின் பெயரே ஒரு பாறையின் பெயர்தான். எரிமலை கக்கிய சாம்பல் படிந்து இறுகிக் கல்லானால் அதை இத்தாலியர் தூஃபோ என்கிறார்கள். லத்தீன் தோஃபுஸ் அதன் மூலம். சுமார் 39,000 ஆண்டுகளுக்கு முன் நேப்பிள்ஸ் அருகே காம்பி ஃப்ளெக்ரேய் எரிமலை வெடித்தபோது அதன் சாம்பல் இந்த மலைகள் வரை வந்து படிந்தது. பிற்பாடு வெசூவியஸும் தன் பங்குக்குக் கொட்டியது. அடியில் களிமண்ணும் சுண்ணாம்பும் உண்டு. ஊரருகே கந்தகச் சுரங்கமும் இயங்கியது. ஒயினில் வரும் மெல்லிய புகைவாசத்துக்கு அந்தக் கந்தகமே காரணம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மண்ணின் கனிமம் நேராகச் சுவையாக மாறுவதில்லை என்பதால் என்னால் அதை அப்படியே ஏற்க முடியவில்லை. ஆனால் துடிப்பான புளிப்பு, பேரிக்காய் மணம், கடைசியில் பாதாம் பருப்பின் லேசான கசப்பு என மூன்றும் ஒன்றையொன்று அமுக்காமல் நிற்பது இந்த ஒயினின் உண்மையான அழகு. 2003 முதல் இது இத்தாலியின் மிக உயர்ந்த தகுதிநிலையில் இருக்கிறது; குறைந்தது 85 விழுக்காடு கிரேக்கோ திராட்சை இருக்க வேண்டும் என்பது விதி.

கிரேக்கோ என்றால் ‘கிரேக்க’ என்றே பொருள். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் கரையில் கூமே நகரை அமைத்த கிரேக்கர்கள் இந்தக் கொடியைக் கொண்டுவந்தார்கள் என்பது அங்குள்ள நம்பிக்கை. அதற்கு உறுதியான மரபணுச் சான்று இல்லை. இடைக்காலத்தில் கிரேக்க நாட்டு ஒயின் பாணியில் செய்தவற்றையும் கிரேக்கோ என்று அழைத்தார்கள். பெயர் அந்த வழியில் ஒட்டியிருக்கும் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? சாராயம் என்று எழுதுவது தவறு. அது காய்ச்சி வடிப்பது. மது எல்லாக் குடிவகைக்கும் பொது. நல்ல பழஞ்சொல் தேறல். தேறு என்றால் தெளி. புளித்துத் தெளிந்தது தேறல். சங்க காலத்தில் தேன், கள் இவற்றின் தெளிவுக்கு அது வழங்கியது. புறநானூறு 56இல் பாண்டியன் நன்மாறனை நக்கீரர் ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ பருகி இனிதிருக்க வாழ்த்துகிறார். யவனர் என்ற சொல் அயோனியா என்ற கிரேக்கப் பகுதியின் பெயரிலிருந்து வந்தது; சங்க நூல்களில் ரோமானியரையும் குறிக்கும். அரிக்கமேட்டில் மண்ணுக்கடியில் கிடைத்த மதுச்சாடித் துண்டுகளில் கிரேக்கத் தீவுகளின் சாடிகளும் உண்டு, இத்தாலியச் சாடிகளும் உண்டு. ஆகவே திராட்சை ஒயினைத் தேறல் என்பது நாம் புதிதாகச் செய்யும் துணிச்சல் அல்ல.

வெள்ளை ஒயின் என்று எழுதுவதிலும் குறையில்லை. வெண்தேறல் இன்னும் அழகு. ஆனால் இதைக் ‘கிரேக்க மது’ என்று பெயர்த்துவிடக் கூடாது, கிரீஸ் நாட்டுச் சரக்கு என்று படிப்பவர் நினைத்துவிடுவார். முதல் தடவை ‘தூஃபோ ஊரின் கிரேக்கோ வெண்தேறல்’ என்று எழுதிவிட்டு, அப்புறம் கிரேக்கோ என்றே சொல்லிப் போகலாம்.