ஷூ என்றால் காலணியா? பிரேக் கட்டையும் தேய்மானமும்

"பிரேக் காலணிகள் அணிவதை ஒவ்வொரு 10,000 கிலோமீட்டருக்கும் ஆய்வு செய்யவும்."

போன மாதம் தர்மபுரியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் என் சித்தப்பா மகன் நீட்டிய தாளில் இந்த வரி இருந்தது. உதிரிபாகப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாள். பாலக்கோட்டிலிருந்து சேலத்துக்குத் தக்காளி ஏற்றிப்போகும் பிக்கப் ஓட்டுகிறான் அவன். தினமும் பேப்பர் படிக்கிறவன். "இதுல என்னண்ணா சொல்றாங்க? செருப்பு போட்டுக்கிட்டு பிரேக் மிதிக்கக் கூடாதுங்கறாங்களா?" என்று கேட்டான்.

அவன் கேட்டதில் தப்பே இல்லை. தமிழ் மட்டும் தெரிந்த யாரும் அந்த வரியை அப்படித்தான் படிப்பார்கள். அந்த நேரம் அவன் வண்டியின் பின்சக்கரம் கழற்றிக் கிடந்தது. சக்கரத்தோடு சுழலும் இரும்புக் கிண்ணமான டிரம்மை இழுத்து வெளியே வைத்திருந்தார் மெக்கானிக். டிரம்முக்குள் விரிந்து அழுத்தும் பிறை வடிவ இரும்பான ஷூவின் மேல் இருக்கும் லைனிங் தேய்ந்து தேய்ந்து, ரிவிட் தலைகள் அதன் மட்டத்துக்கு வந்து பளபளத்துக்கொண்டிருந்தன. டிரம்மின் உள்பக்கத்தை விரலால் தடவினால் கோடு கோடாகத் தட்டுப்பட்டது. ரிவிட் இரும்பை உழுத தடம் அது. இதைப் பார்க்கச் சொல்லத்தான் அந்த வரி. ஆனால் ஆங்கிலத்தின் 'பிரேக் ஷூ'வைக் காலணி என்றும், தேய்வதைக் குறிக்கும் 'வேர்' (wear) என்ற சொல்லை அணிவது என்றும் மாற்றிவிட்டதால், அது செருப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது.

'பிரேக் காலணி' என்பதை நான் பார்ப்பது இது முதல் தடவை இல்லை. கைப்பேசிச் செயலி ஒன்றில் பார்த்தேன், காணொளியின் அடியில் ஓடும் எழுத்தில் பார்த்தேன், இப்போது பெட்டிக்குள்ளேயே வந்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆங்கிலத்தில் ஏன் ஷூ என்றார்கள் என்பது. குதிரை வண்டிக் காலத்தில் இறக்கத்தில் இறங்கும்போது ஒரு சக்கரத்தின் அடியில் இரும்புத் தகடு ஒன்றைச் செருகுவார்கள். சக்கரம் உருளாமல் அந்தத் தகட்டின் மேல் ஏறி நின்றபடி தரையில் இழுபட்டு வரும், வேகம் மட்டுப்படும். சக்கரத்தின் 'கால்' போட்டுக்கொண்ட இரும்பு என்பதால் அவர்களுக்கு அது ஷூ. பிறகு சக்கரத்தோடு உரசி நிறுத்தும் பாகத்துக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர்கள் மொழியில் அதற்கு ஒரு பழைய நினைவு இருக்கிறது. 'காலணி'க்கு நம்மிடம் அந்த நினைவு எதுவும் இல்லை.

நம் ஊரிலும் ஷூவுக்கு இன்னொரு பொருள் வந்தபோது பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். குதிரைக்கும் மாட்டுக்கும் குளம்பில் அடிக்கும் இரும்பை ஆங்கிலத்தில் ஷூ என்கிறார்கள். தமிழில் அதைக் 'குதிரைக் காலணி' என்று யாரும் சொன்னதில்லை. லாடம் என்றுதான் சொன்னோம். வண்டி மாடு வைத்திருந்த எந்த வீட்டிலும் அந்தச் சொல் தெரியும். லாடமும் பிறை வடிவம், பிரேக் ஷூவும் பிறை வடிவம். இரண்டிலும் ஆணியோ ரிவிட்டோ அடிக்கிறார்கள், இரண்டும் தேய்ந்தால் மாற்றுகிறார்கள். 'பிரேக் லாடம்' என்று சொல்லிவிடலாமா என்று நானே சில நாள் யோசித்தேன். அழகான சொல்தான். ஆனால் ஏற்கெனவே தெருவில் ஒரு சொல் உயிரோடு இருக்கிறது, அதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்வது சரியில்லை.

அந்தச் சொல் கட்டை. சைக்கிள் ஓட்டிய யாரிடமும் கேளுங்கள்: "பிரேக் கட்டை தேஞ்சிடுச்சு, மாத்தணும்." சைக்கிள் ரிம்மைப் பிடிக்கும் அந்தத் துண்டு ரப்பர்தான், மரமே இல்லை. ஆனாலும் அதைக் கட்டை என்றே சொல்கிறோம். காரணம், மாட்டு வண்டியில் இறக்கத்தில் சக்கரப் பட்டையோடு கயிறு இழுத்து அழுத்திய மரக்கட்டை. மரம் போய் ரப்பர் வந்தது, பெயர் அப்படியே நின்றது. முட்டுக்கட்டை என்ற சொல்லும் அதே குடும்பம்தான். பிக்கப்பின் டிரம்முக்குள் விரிந்து அழுத்துவதும் கட்டை செய்த அதே வேலைதான். ஆக, ஷூ என்பதற்குத் தமிழ் பிரேக் கட்டை.

இனி அந்த வரியின் இரண்டாவது கோளாறு. எனக்கு அதிகக் கோபம் வருவது இதில்தான்.

ஆங்கிலத்தில் உடுத்துவதற்கும் தேய்வதற்கும் 'வேர்' என்ற ஒரே சொல். உடுத்த உடுத்தத் துணி நைந்துபோவதிலிருந்து வந்த பொருள் அது. தமிழில் இந்த இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நம்மிடம் தேய்வதற்கே எத்தனை வகை இருக்கிறது பாருங்கள்: வேட்டி நையும், கயிறு இற்றுப்போகும், கத்தி மழுங்கும், டயர் தேயும். எந்தப் பொருள் எப்படிக் குறைகிறது என்பதை வினையே சொல்லிவிடும். இவ்வளவு நுணுக்கம் உள்ள மொழியில் பிரேக்கை 'அணிவது' என்று எழுதுகிறவருக்கு அந்தப் பாகத்தை ஒருமுறையாவது கண்ணால் பார்த்த பழக்கம் இல்லை.

தேய் என்ற வினையிலிருந்து தேய்வு, தேய்பிறை, தேய்மானம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்கிறோம், கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை என்கிறோம். கட்டுமானம், செரிமானம், பெறுமானம் போல அமைந்த சொல் தேய்மானம். எவ்வளவு தேய்ந்தது என்ற அளவும் அதற்குள் இருக்கிறது. பழைய நகையைத் தராசில் வைத்துத் தேய்மானம் கழிக்கிறார் கடைக்காரர். கணக்கு எழுதுகிறவர் இயந்திரத்தின் மதிப்பு வருடா வருடம் குறைவதைத் தேய்மானம் என்று போடுகிறார். பிரேக்கிலும் நமக்கு வேண்டியது அந்த அளவுதான்.

பிடிமானம் என்ற சொல்லும் அதே வார்ப்பு. லைனிங் என்கிற பட்டையில் தேய்மானம் கூடினால் பிரேக்கின் பிடிமானம் குறையும். ஒர்க்‌ஷாப்பில் இரண்டையும் சாதாரணமாகச் சொல்கிறார்கள். இதற்கு மேல் என்ன கலைச்சொல் வேண்டும்?

சரி, இயந்திர மொழிபெயர்ப்பு செய்த தப்பை விடுவோம். யோசித்துச் சொல் ஆக்குகிறவர்களும் ஒரு தப்பு செய்கிறார்கள். அது இன்னும் ஆழமானது. பிரேக்கை 'உராய்வுத் தடுப்பான்' என்று எழுதுகிறார்கள். உராய்வைக் கொண்டு தடுப்பது என்று சொல்ல நினைத்திருக்கிறார்கள். ஆனால் தமிழ் வாசகர் எப்படிப் படிப்பார்? துருத் தடுப்பான் துருவைத் தடுக்கும். கொசுத் தடுப்பான் கொசுவைத் தடுக்கும். தீத்தடுப்பு, நோய்த்தடுப்பு, வெள்ளத்தடுப்பு, எல்லாவற்றிலும் முன்னால் நிற்பது எதுவோ அதுதான் தடுக்கப்படுகிறது. அந்தக் கணக்கில் உராய்வுத் தடுப்பான் என்றால் உராய்வைத் தடுப்பது, அதாவது கிரீஸ். பிரேக் பட்டையில் கிரீஸ் பட்டால் என்ன ஆகும் என்று எந்த ஹெல்பர் பையனைக் கேட்டாலும் சொல்வான். பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் ஷூவை விரிக்கும் வீல் சிலிண்டர் ஒழுகி லைனிங் நனைந்தால் பிரேக் வழுக்கும்; பட்டையையே தூக்கிப்போட வேண்டும். அப்படி ஒரு பாகத்துக்கு கிரீஸின் பொருளில் பெயர் வைத்திருக்கிறோம்.

தமிழாசிரியர் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "மண்குடம் என்றால் மண்ணால் ஆன குடம். அதுபோல உராய்வால் தடுப்பது என்று மூன்றாம் வேற்றுமைத் தொகையாக விரிக்கலாமே" என்றார். விரிக்கலாம், இலக்கணம் தடை சொல்லாது. ஆனால் தடுப்பு என்று முடியும் சொல்லை நாம் காலமெல்லாம் இரண்டாம் வேற்றுமையில்தான் விரித்துப் படித்திருக்கிறோம். பழகிய வழியில்தான் வாசகரின் மனம் போகும். அவரை நிறுத்தி, வேற்றுமை உருபு சொல்லிக்கொடுத்து, பிறகு சக்கரத்தைக் கழற்றச் சொல்ல முடியாது.

சொல் ஆக்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. வேகத்தடை என்ற சொல்லைப் பாருங்கள். ஆங்கிலத்தில் அது வேகத்தை 'உடைப்பது'. அதை அப்படியே உடைக்காமல், வேகத்தைத் தடுப்பது என்று தமிழ் வழக்கத்தில் வைத்து யாரோ நல்ல தமிழில் ஆக்கினார்கள். இன்று எல்லா ஊரிலும் பலகையில் நிற்கிறது, யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

'நிறுத்தி' என்றும் ஒரு சொல் உலவுகிறது. ஒலிபெருக்கி, மின்தூக்கி வரிசையில் முறையான ஆக்கம்தான். ஆனால் "நிறுத்தியை மிதித்து வண்டியை நிறுத்தி இறங்கவும்" என்று எழுதிப் பாருங்கள், எது பெயர் எது வினை என்று கண் தடுமாறும். அதைவிடப் பெரிய குறை, பிரேக்கின் வேலை நிறுத்துவது மட்டும் இல்லை. தர்மபுரியிலிருந்து சேலம் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-ல் தொப்பூர் கணவாயில் இறங்குகிறவருக்கு வண்டியை நிறுத்துவது வேலை இல்லை. பாரத்தோடு ஓடப்பார்க்கும் வண்டியைப் பிடித்துவைப்பதுதான் வேலை. ஓட்டுநர்களும் "பிரேக் பிடிக்குது, பிடிக்கல" என்கிறார்களே தவிர, தடுக்கிறது என்று சொல்வதில்லை. தனித்தமிழில் ஒரு சொல் வேண்டும் என்றே இருந்தால் அது பிடி என்ற வினையிலிருந்து பிறக்கட்டும். அதுவரை பிரேக் என்ற சொல்லையே வைத்துக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. கிராமத்துப் பாட்டிக்கும் தெரிந்த சொல் அது.

ஆகவே என் பங்கீடு இது. டிரம்முக்குள் இருக்கும் ஷூவும், சக்கரத்தோடு சுழலும் தட்டான டிஸ்க்கைப் பிடிக்கும் பேடும் கட்டை. அதன் மேல் ஒட்டியோ ரிவிட் அடித்தோ இருக்கும் லைனிங், பட்டை. மரத்துக்குப் பட்டை போல. கட்டை இரும்பு, அது இருக்கும். பட்டைதான் தேயும். இந்த ஒரு வேறுபாடு வார்த்தையில் வந்துவிட்டால் எதைப் பார்க்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

இப்போது ஓடும் பெரும்பாலான பிக்கப்களில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். முன்பக்கப் பட்டை புதிதில் 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்ற வேண்டியதுதான். சில பேடுகளில் ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள். பட்டை தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சென்று கத்தும். கீச்சுச் சத்தம் போய்க் கரகரவென்று அரைக்கும் சத்தம் வந்துவிட்டால் இரும்போடு இரும்பு உரசுகிறது என்று பொருள். பின்பக்கம் இப்படி எச்சரிக்காது. டிரம்மைக் கழற்றினால்தான் தெரியும். ரிவிட் தலைக்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை என்றால் அந்தப் பட்டை முடிந்தது. கழற்றாமலே கிடைக்கும் தடயங்களும் உண்டு: ஹேண்ட் பிரேக்கை முன்னைவிட உயரமாக இழுக்க வேண்டிவரும், பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் இறங்கும். பட்டை மெலிய மெலிய, அதை அழுத்தும் பிஸ்டன் வெளியே வருகிறது, ஆயில் அந்த இடத்தை நிரப்பப் போகிறது. ஒழுகினாலும் இறங்கும். எதனால் என்று பார்க்காமல் மேலே ஊற்றி நிரப்புகிறவர், வண்டி சொன்ன செய்தியை அழித்துவிடுகிறார். தேய்மானம் என்ற சொல் தாளில் இருந்திருந்தால் என் தம்பிக்கு இதெல்லாம் முன்பே உறைத்திருக்கும்.

காலணி ஒன்று மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவதை 'பிரேக் இரத்தம் வடித்தல்' என்று எழுதியிருப்பதையும் படித்திருக்கிறேன். மெக்கானிக்குகள் "ஏர் எடுக்கறது" என்கிறார்கள், வேலை முழுதும் அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது. இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்துச் சூடேறி, பிடிமானம் போய்விடுவதை 'பிரேக் மங்குதல்' என்கிறார்கள். மங்குவது விளக்கு. கியரைக் குறைத்து இஞ்சின் இழுவையில் இறங்க வேண்டும் என்ற எச்சரிக்கை அந்த மங்கலில் மறைந்துபோகிறது. மொழிபெயர்க்கிறவர்கள் கூலிக்குச் செய்கிறார்கள், அவசரத்தில் செய்கிறார்கள், தெரியும். ஆனால் கிருஷ்ணகிரி பக்கம் மாங்காய்க் காலத்தில் ஓடும் அத்தனை பிக்கப்புக்கும் ஒரு ஓட்டுநர் இருக்கிறார். அந்தத் தாள் அவருக்காக அச்சடித்தது. ஒரு மணி நேரம் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று காது கொடுத்தால் வேண்டிய சொல்லெல்லாம் கிடைக்கும்.

அன்றைக்கு அந்தத் தாளின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிக்கொடுத்தேன்: "10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி, பிரேக் கட்டையின் பட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்கவும். ரிவிட் தெரியும் முன் மாற்றவும்."

படித்துவிட்டு, "ஒரு பக்கம் தேஞ்சிருந்தா அந்தப் பக்கம் மட்டும் மாத்தினா போதுமாண்ணா?" என்றான். போதாது, ஒரு பக்கம் புதுசும் மறுபக்கம் பழசுமாக இருந்தால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். தாளை வாங்கி, "இரண்டு பக்கமும் சேர்த்து" என்று 'மாற்றவும்' என்பதற்கு முன்னால் செருகிக்கொடுத்தேன்.