கம்போசிஷன்: கட்டுக்கோப்பு

பாம்பன், தங்கச்சிமடம், தனுஷ்கோடிப் பக்கம் கேமராவோடு திரிகிற பிள்ளைகள் வாயில் அடிக்கடி வரும் சொல் கம்போசிஷன். படச்சட்டத்துக்குள் எது எங்கே இருக்க வேண்டும் என்று அமைப்பதற்கு அந்தப் பெயர். ‘கம்போசிஷன் செமையா இருக்கு’ என்பார்கள். தமிழில் என்ன என்று கேட்டால் பெரும்பாலும் ‘அமைப்பு’ என்று பதில் வரும். அந்தச் சொல் எனக்குப் போதவில்லை.

மூலம் லத்தீன். ‘கொம்’ என்றால் சேர்த்து, ‘போனெரே’ என்றால் வைத்தல். ஆக, சேர்த்து வைத்தல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், பள்ளிக்கூடக் கட்டுரைக்கும் பாட்டுக்கு மெட்டமைப்பதற்கும் அச்சகத்தில் எழுத்து அடுக்குவதற்கும் அதுவே பெயரானது. இதில் அச்சகம் நமக்கு முக்கியம். கம்பாசிட்டர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசைப்படுத்திய வேலையை நம்மவர்கள் ‘அச்சு வைத்தல்’ என்று சொல்லவில்லை, ‘அச்சுக்கோப்பு’ என்றார்கள். பூவையும் பாசிமணியையும் கோக்கிற அதே கோத்தல். (பலர் ‘கோர்ப்பு’ என்று எழுதுகிறார்கள். வேர் ‘கோ’, கோத்தான், கோவை, கோப்பு என்றுதான் வரும். நடுவில் ‘ர்’ வேண்டாம்.)

சரி, படத்துக்கும் ‘கோப்பு’ என்றே சொல்லிவிடலாமா? முடியாது. படக்கோப்பு என்றால் இன்று கணினியில் இருக்கும் ஃபைல். ‘கட்டமைப்பு’ பாலத்துக்கும் சாலைக்கும் போய்விட்டது. ‘இயைபு’ யாப்பிலும் வேதியியலிலும் இருக்கிறது. எனக்குப் பொருந்தி வருவது ‘கட்டுக்கோப்பு’. கட்டுவதும் கோப்பதும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. கட்டுக்கோப்பான உடம்பு, கட்டுக்கோப்பான குடும்பம் என்று எல்லோரும் புழங்குகிற சொல்லும்கூட.

தங்கச்சிமடத்தில் ஒரு காலை. ஓலைக் கொட்டகை நிழலில் ஒரு அண்ணன் கிழிந்த வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அலுமினியத் தூக்குவாளி. அப்போதுதான் ஏறிய வெயில் பக்கவாட்டில் விழுந்ததில் அதன் பிடியின் நிழல் மணலில் நீண்ட வளையமாகக் கிடந்தது. குனிந்து அதை எடுத்தேன்.

“என்ன தம்பி, இம்புட்டு வலை கெடக்கு, வாளியப் போயி எடுக்குறீக?” என்றார். கை நிற்கவில்லை. ஒரு முடிச்சை இழுத்து இறுக்கிவிட்டு, “இது நழுவுனா கண்ணு பெருசாயிரும், மீனு போயிரும்” என்றார்.

வலையின் ஓட்டைக்குக் கடற்கரையில் கண் என்றுதான் பெயர். வலையில் நூலைவிட வெற்றிடமே அதிகம். ஆனால் அந்த வெற்றிடத்தின் அளவைத் தீர்மானிப்பது முடிச்சு. படத்திலும் அப்படித்தான். வாளியை எங்கே வைக்கிறோம் என்பதோடு, வாளிக்கும் நிழலுக்கும் நடுவே எவ்வளவு மணலை விடுகிறோம் என்பதும் சேர்ந்ததுதான் கட்டுக்கோப்பு. சேர்த்து வைத்தல் என்ற லத்தீன் பொருளில் இந்த இடைவெளிக்கு இடமில்லை. கட்டு என்ற சொல்லில் இருக்கிறது.

கறுப்பு வெள்ளையில் இது இன்னும் கறாராகிவிடுகிறது. என் முதல் படத்தில் பச்சை வலையும் சிவப்பு மிதவையும் வாளிக்குப் பின்னால் இருந்தன. கண்ணுக்கு இரண்டும் தனித்தனி. நிறத்தை எடுத்ததும் ஒரே சாம்பல். நிறம் வேறானாலும் வெளிச்ச அளவு ஒன்றாக இருந்தால் அப்படித்தான் ஆகும். மிதவை எது, வலை எது என்று தெரியவில்லை. வாளியின் விளிம்பும் அதற்குள் கரைந்துபோனது. இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தேன். பின்னால் வெறும் மணல். அப்புறம்தான் வாளி வாளியாகத் தெரிந்தது. புகைப்படக் கலைஞர் அந்திரே கெர்தேஸ் 1928-இல் பாரிஸில் எடுத்த முள்கரண்டிப் படத்தில் தட்டின் விளிம்பில் சாய்ந்த ஒரு முள்கரண்டி, அவற்றின் நிழல், அவ்வளவுதான். அதில் எடுத்துப்போட இன்னொரு பொருள் இல்லை.

இதைத்தான் ஆங்கிலத்தில் சிம்ப்ளிசிட்டி என்கிறார்கள். ‘எளிமை’ என்று பெயர்த்தால் சுலபம் என்ற பொருளும் ஏழ்மை என்ற பொருளும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. நன்னூல் சொல்லும் பத்து அழகில் முதல் இரண்டு ‘சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல்’. படத்துக்கு அந்தச் ‘சுருக்கம்’ போதும். இரண்டையும் சேர்த்தே நன்னூல் கேட்கிறது என்பதையும் விட்டுவிடக் கூடாது. வாளி எது என்று விளங்காத அளவுக்குச் சுருக்கினால் அது குறை.

இன்னொரு வசதியும் உண்டு. கம்போசிஷன் சரியில்லை என்றால் எங்கே சரியில்லை என்று தெரியாது. கட்டுக்கோப்பு என்று சொல்லிப் பழகினால், ‘மேல் பக்கம் தளர்ந்திருக்கு’, ‘இடது ஓரம் ரொம்ப இறுகிப்போச்சு, கொஞ்சம் மணலை விடு’ என்று பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்கு அந்த இடத்திலேயே சொல்லலாம்.