பழைய போர்டில் புதிய கெர்னல்

பினாங்கின் பாயான் லெப்பாஸில் 1972-ஆம் ஆண்டு இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைத் திறந்ததிலிருந்து, சிப்புகளைப் பொதிந்து, சோதித்து அனுப்புவது அத்தீவின் பெருந்தொழில்களுள் ஒன்றாக இருந்து வருகிறது. அங்குள்ள ஆலைகளில் சிப்பைத் தூக்கி வைக்கும் இயந்திரத்தையோ, கேமராவால் பற்றவைப்பைப் பார்வையிடும் இயந்திரத்தையோ திறந்து பார்த்தவர்களுக்கு, உள்ளே உள்ளங்கை அகலத்தில் இருக்கும் கட்டுப்பாட்டு போர்டு பழக்கமானது. அத்தகைய போர்டுகளில் பல லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடுகின்றன. இயந்திரம் 15 ஆண்டு உழைக்கும். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலோ ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒரு புதிய பதிப்பாக வெளிவருவதால், அதே காலத்தில் ஏறத்தாழ 80 பதிப்புகளைக் கடந்துவிடும். போர்டில் ஒரு கம்பிகூட மாறாதபோது, நேற்றைய கெர்னலில் ஓடிய அது நாளைய கெர்னலில் ஏன் நின்றுபோக வேண்டும், அப்படி நிற்காமலிருக்க யாரோ ஒருவர் என்ன வேலை செய்துகொண்டே இருக்கிறார் என்பதே இங்கு விளக்க வேண்டியது.

மேசைக் கணினியில் இந்தச் சிக்கல் பெரிதும் தெரிவதில்லை. அதில் செருகப்படும் அட்டைகளும் யுஎஸ்பி சாதனங்களும் கேட்டால் தங்கள் பெயரைத் தாமே சொல்லும். மற்றவற்றைக் கணினியிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற நிரல் பட்டியலிட்டுக் கொடுத்துவிடும். இயந்திரத்துக்குள் உட்பொதிந்த போர்டில் அப்படி இல்லை. இரண்டு கம்பிகளில் தொங்கும் ஒரு வெப்ப உணரி தானாக வாய் திறக்காது. தொடர்பு முனையம் நினைவகத்தின் எந்த முகவரியில் இருக்கிறது, செயலியின் கவனத்தை ஈர்க்க எந்தக் குறுக்கீட்டு எண்ணைப் பயன்படுத்துகிறது, அதன் வேகத்தை நிர்ணயிக்கும் துடிப்பான கிளாக் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் போர்டை வரைந்தவருக்கு மட்டுமே தெரியும். அவர் சொன்னால்தான் கெர்னலுக்கும் தெரியும்.

முன்பு இவற்றை ஒவ்வொரு போர்டுக்கும் தனித்தனி சி நிரல் கோப்பாக எழுதிக் கெர்னலுக்குள்ளேயே வைத்தார்கள். ஆர்ம் என்ற செயலிக் குடும்பத்தைச் சேர்ந்த சிப்புகள் பெருகப் பெருக, ஒன்றையொன்று நகலெடுத்த கோப்புகள் நூற்றுக்கணக்கில் குவிந்தன. 2011 மார்ச்சில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இந்தக் குவியலைக் கடுமையான சொற்களில் கண்டித்தார். அதன்பின் பவர்பிசி என்ற வேறொரு செயலிக் குடும்பத்தில் ஏற்கெனவே வழக்கிலிருந்த டிவைஸ் ட்ரீ என்ற முறைக்கு ஆர்ம் பக்கமும் நகர்ந்தது. போர்டின் விவரங்களைக் கெர்னல் நிரலிலிருந்து பிரித்து, தனியான ஒரு தரவுக் கோப்பில் கிளைவாரியாக எழுதுவதுதான் அம்முறை. 2012 டிசம்பரில் வந்த 3.7 பதிப்பிலிருந்து, வெவ்வேறு நிறுவனங்களின் ஆர்ம் சிப்புகளில் ஒரே கெர்னல் கோப்பைக் கொண்டு தொடங்குவது சாத்தியமாயிற்று. எந்தப் போர்டில் தான் ஓடுகிறது என்பதைக் கெர்னல் இப்போது அந்தத் தரவுக் கோப்பைப் படித்தே தெரிந்துகொள்கிறது.

2013-இல் வெளிவந்த பீகிள்போன் பிளாக் போர்டை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப்பின் ஒவ்வொரு காலுக்கும் எட்டு வேலைகள் வரை ஒதுக்கலாம். ஒரே கால் ஒரு போர்டில் தொடர்பு முனையமாகவும் இன்னொன்றில் விளக்கை எரிக்கும் விசையாகவும் இருக்கும். எந்தக் கால் எந்த வேலைக்கு என்பதை டிவைஸ் ட்ரீ சொல்கிறது. மின்சாரம் கொடுத்ததும் சிப்புக்குள் நிரந்தரமாகப் பதிந்த சிறு நிரல் முதலில் எழும். பெரிய நினைவகம் அப்போது தயாராக இல்லை என்பதால், நூறு கிலோபைட்டைச் சற்றே தாண்டும் உள் இடத்துக்குள் ஒரு சின்னத் தொடக்க நிரலை ஏற்றி, அதைக் கொண்டு பெரிய நினைவகத்தை எழுப்பி, பிறகு கெர்னலை ஏற்றித் தொடங்கிவைக்கும் யு-பூட் என்ற பூட்லோடரை அழைக்கும். யு-பூட் கெர்னலையும் டிவைஸ் ட்ரீயையும் நினைவகத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அது ஒதுங்கும்போது எதையெல்லாம் இயங்கும் நிலையில் விட்டுச்செல்கிறது என்பது முக்கியமானது. பின்னால் அதற்கு வருவோம்.

கெர்னலுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. வெளி எல்லையில், அதாவது பயன்பாட்டு நிரல்களோடு பேசும் இடத்தில், முன்பு ஓடியது இனியும் ஓட வேண்டும் என்பது ஏறக்குறைய மீற முடியாத விதி. உள் எல்லையில், அதாவது ஒவ்வொரு சாதனத்தையும் இயக்கும் நிரல்களான டிரைவர்கள் கெர்னலின் பிற பகுதிகளோடு பேசும் இடத்தில், அப்படி ஒரு வாக்குறுதியும் இல்லை. ஒரு செயற்கூற்றின் வடிவத்தை எவரும் மாற்றலாம். மாற்றுபவர், கெர்னலின் மைய மூலநிரலுக்குள் அதைப் பயன்படுத்தும் எல்லா இடங்களையும் சேர்த்துத் திருத்திக் கொடுக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஆகவே மைய மூலநிரலுக்குள் இருக்கும் டிரைவரை முன்பின் தெரியாதவர்கள்கூடக் கூலியில்லாமல் சுமந்து செல்கிறார்கள். வெளியே தனி நகலில் இருக்கும் டிரைவரை அதன் சொந்தக்காரரே சுமக்க வேண்டும். ஒவ்வொரு பதிப்பிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் சேர்வதால் அந்தச் சுமை நாளுக்கு நாள் கூடுகிறது.

சிப் தயாரிப்பாளர்கள் பலர், ஏதோ ஒரு பழைய கெர்னலின் மேல் தங்கள் மாற்றங்களை ஆயிரக்கணக்கில் அடுக்கி, அதைப் போர்டு ஆதரவுத் தொகுப்பு என்று கையில் கொடுத்துவிடுவார்கள். முதல் நாள் எல்லாம் ஓடும் என்பதால் இயந்திரம் கட்டுபவருக்கு அது வசதியாகத் தோன்றும். 4.14 பதிப்பின் மேல் கட்டப்பட்ட தொகுப்பு ஒன்றை வாங்கியவருக்கு, அப்பதிப்புக்கான அதிகாரபூர்வப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஜனவரியோடு நின்றுவிட்டன. அடுத்த பதிப்புக்குத் தாவ அந்த ஆயிரம் மாற்றங்களும் தடையாக நிற்கும். இந்த வசதியை நான் கடன் என்றே எண்ணுகிறேன்.

மைய மூலநிரலுக்குள் சேர்ந்துவிட்டால் மட்டும் போர்டு பிழைத்துவிடும் என்று சொல்ல முடியாது. மாற்றம் செய்பவர் அந்தப் போர்டைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார். நிரல் பிழையின்றித் தொகுக்கப்படுகிறது, அதாவது சிப் இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றப்படுகிறது என்பது வரைதான் அவர் உறுதி சொல்ல முடியும். அதையும் தாண்டிப் போர்டுகள் நின்றுபோவதற்கான காரணங்களைக் கூர்ந்து பார்த்தால், அவற்றுள் கணிசமானவை ஒரே வகையாகத் தெரியும். போர்டைப் பற்றி யாரும் எழுதி வைக்காத ஓர் உண்மை, தற்செயலாக அதுவரை பலித்து வந்திருக்கும். புதிய கெர்னலில் அந்தத் தற்செயல் மறைந்துபோகும்.

கிளாக்கைப் பாருங்கள். சிப்பின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனிக் கிளாக்கில் துடிக்கிறது. கெர்னல் எழுந்து முடிக்கும் தறுவாயில், எந்த டிரைவரும் தனக்கென்று கோராத கிளாக்குகளை மின் சிக்கனத்துக்காக அணைத்துவிடும். வீட்டை ஒப்படைத்துவிட்டுப் போனவர் எரியவிட்ட விளக்குகளைப் புதிதாக வந்தவர், அறையில் யாரும் இருப்பதாகச் சொல்லாததால், ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போவது போன்றது இது. பூட்லோடர் இயக்கிவிட்ட கிளாக்கில் ஒரு டிரைவர் பல ஆண்டு சத்தமில்லாமல் ஓடியிருக்கலாம். அந்த டிரைவருக்கு அந்தக் கிளாக் வேண்டும் என்பது டிவைஸ் ட்ரீயில் எழுதப்பட்டிருக்காது. கிளாக் பகுதி மேம்படுத்தப்பட்டுத் தன் கையிலுள்ள எல்லாக் கிளாக்குகளையும் முதன்முறையாக முழுமையாக அறிந்துகொள்ளும் நாளில், அந்த டிரைவர் இருட்டில் விடப்படும். அணைக்காதே என்று தொடக்கத்தில் ஒரு கட்டளை கொடுத்துப் பார்த்தால் போர்டு எழுந்துவிடும். கோளாறு எந்தப் பக்கம் என்பது அதிலேயே தெரிந்துவிடும். அந்தக் கட்டளையை நிரந்தரமாக விட்டுவைப்பவர்களும் உண்டு என்பது வேறு கதை.

சிப்புகளுக்குத் தேவையான அளவில் மின்சாரம் தரும் மின்னழுத்தச் சீராக்கிகளின் கதை இன்னும் விசித்திரமானது. கோரப்படாத சீராக்கிகளைக் கெர்னல் உடனே அணைப்பதில்லை. தாமதமாக எழும் டிரைவர்களுக்காக ஏறத்தாழ 30 விநாடி பொறுத்திருந்து அணைக்கும். பாயான் லெப்பாஸில் இரவுப் பணியிலிருக்கும் ஓர் இளைஞர் மூத்தவரைத் தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, போர்டு நல்லாத்தான் எழும்புது, கொஞ்ச நேரத்துல நெட்வொர்க் போயிடுது" என்றால், அனுபவமுள்ளவர் கேட்கும் முதல் கேள்வி, "ஒவ்வொரு தடவையும் அதே அரை நிமிஷத்துலயா தம்பி?" என்பதாகத்தான் இருக்கும். ஆம் என்று பதில் வந்தால் நெட்வொர்க் டிரைவரைத் தோண்டுவதில் பயனில்லை. நெட்வொர்க் சிப்புக்கு மின்சாரம் தரும் சீராக்கியை யாருமே கோரவில்லை.

முந்தைய கெர்னலில் இது ஏன் நிகழவில்லை என்றால், பெரும்பாலும் அப்போது மின் மேலாண்மைச் சிப்புக்கான டிரைவரே சேர்க்கப்பட்டிருக்காது. சீராக்கி இருப்பதே தெரியாத கெர்னலுக்கு அதை அணைக்கவும் தெரியாது. ஆதரவு மேம்பட்டதால் போர்டு கெட்டது என்ற இந்தத் தலைகீழ் நிலையைப் புதியவர்கள் எளிதில் நம்ப மாட்டார்கள். இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. சீராக்கியை எப்போதும் இயங்கட்டும் என்று குறித்துவிடலாம். அல்லது, இன்ன சிப் இன்ன சீராக்கியிலிருந்து மின்சாரம் பெறுகிறது என்ற உறவை எழுதலாம். முதல் வழி ஒரு வரியில் முடிந்துவிடும். இரண்டாவதற்கு மின்சுற்று வரைபடத்தைத் திறந்து கம்பியைத் தேட வேண்டும். அடுத்த பதினைந்து ஆண்டுக்கு நிற்பது இரண்டாவதுதான். ஏனெனில் முதலாவது உண்மையைச் சொல்வதில்லை, அறிகுறியை மட்டும் அடக்குகிறது.

சேமிப்பகங்களின் வரிசை எண்ணும் இதே இனம். பீகிள்போன் பிளாக்கில் மைக்ரோ எஸ்டி அட்டையும் போர்டிலேயே பதிந்த இஎம்எம்சி சிப்பும் உண்டு. இவற்றில் எது முதலில் கண்டுபிடிக்கப்பட்டதோ அதற்கு முதல் எண் கிடைத்து வந்தது. டிரைவர்கள் ஒரே நேரத்தில் இணையாக எழும்படி கெர்னல் மாறியபோது, எந்தச் சாதனம் முந்தும் என்பது உறுதியற்றதாயிற்று. கோப்பு முறைமை முதலாவது சாதனத்தில் இருக்கிறது என்று தொடக்கக் கட்டளையில் எழுதி வைத்திருந்த போர்டுகள், சில நாள் எழுந்தும் சில நாள் எழாமலும் ஆட்டம் காட்டின. எந்தச் சாதனத்துக்கு எந்த எண் என்பதை டிவைஸ் ட்ரீயில் வெளிப்படையாக எழுத வழிசெய்தபின் இது அடங்கியது.

ஆனால், எந்த மாற்றத்தில் உடைந்தது என்று தெரியாதபோது என்ன செய்வது? இரண்டு பதிப்புகளுக்கு இடையே 13,000 மாற்றங்கள் இருந்தாலும், நடுவிலுள்ள ஒன்றை எடுத்துத் தொகுத்துப் போர்டில் ஏற்றிப் பார்த்து, ஓடினால் பின்பாதியிலும் ஓடாவிட்டால் முன்பாதியிலும் தேடுவதை மீண்டும் மீண்டும் செய்தால், 14 சோதனைகளுக்குள் குற்றவாளி கிடைத்துவிடும். நிரல் மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளில் இதற்கென்றே பைசெக்ட் என்ற வசதி உண்டு. பராமரிப்பாளரின் மேசையில், மின்சாரத்தைத் தானே துண்டித்து இணைக்கும் ரிலே ஒன்றும், தொடர்பு முனையத்திலிருந்து வரும் எழுத்துகளைப் பதிவுசெய்யும் கம்பி ஒன்றும் இருந்துவிட்டால், இந்த 14 சோதனைகளும் அவர் உறங்கும்போதே நடந்துவிடும். கெர்னல்சிஐ என்ற திட்டம் இதையே பெரிய அளவில் செய்கிறது. உலகின் பல இடங்களிலுள்ள ஆய்வகங்களில் போர்டுகளை அடுக்கி, வெளிவரும் கெர்னல்களைத் தானியங்கியாக ஏற்றி எழுப்பிப் பார்க்கிறது. அந்த அடுக்கில் இல்லாத போர்டு உடைந்தால் அதன் பயனரே முதலில் அறிவார்.

ஒவ்வொரு பதிப்பின் பின்னாலும் ஓட விரும்பாதவர்களுக்கு நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் உண்டு. ஆலைகளுக்கு அதுவும் போதாதபோது, லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் 2016-இல் தொடங்கிய சிவில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பிளாட்ஃபார்ம் என்ற திட்டம் தேர்ந்தெடுத்த பதிப்புகளுக்குக் குறைந்தது 10 ஆண்டு ஆதரவு தர முற்படுகிறது.

கெர்னலின் மூலநிரலில் பராமரிப்பாளர்களின் பெயர்ப் பட்டியலாக ஒரு கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே பராமரிக்கப்படுகிறது, அவ்வப்போது திருத்தப்படுகிறது, அநாதை என்பது போன்ற நிலைகள் குறிக்கப்பட்டிருக்கும். அநாதையாகக் கிடப்பது நாளடைவில் நீக்கப்படும். 2018 ஜூனில் வந்த 4.17 பதிப்பில் பிளாக்ஃபின், கிரிஸ், டைல் உள்ளிட்ட 8 செயலிக் குடும்பங்கள் ஒரே மூச்சில் நீக்கப்பட்டன. 2023 ஏப்ரலில் வந்த 6.3-இல், டிவைஸ் ட்ரீக்கு மாறாமல் மிஞ்சியிருந்த பழைய ஆர்ம் போர்டுக் கோப்புகள் பலவும் அவ்வாறே போயின. நிரல் தவறாக இருந்ததால் அவை நீக்கப்படவில்லை. இன்னும் பயன்படுத்துகிறேன் என்று சொல்லி, சோதித்து முடிவைத் தெரிவிக்க ஆளில்லை என்பதே காரணம். நீக்கப்பட்டவை கிட் வரலாற்றில் அப்படியே கிடக்கின்றன. ஒருவர் முன்வந்தால் மீட்டெடுக்கவும் முடியும்.

பினாங்குக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. ஆல்டெரா நிறுவனத்துக்கு இங்கு வடிவமைப்பு மையம் இருந்தது. உள் மின்சுற்றைப் பயனரே மாற்றியமைக்கக்கூடிய, அந்நிறுவனத்தின் எஃப்பிஜிஏ சிப்புகளுக்குள் தேவைக்கேற்ப உருவாக்கிக்கொள்ளும் நியோஸ் 2 என்ற செயலிக்கு 2015-இன் தொடக்கத்தில் வந்த 3.19 பதிப்பில் கெர்னல் ஆதரவு சேர்ந்தது. அதே ஆண்டின் இறுதியில் ஆல்டெராவை இன்டெல் வாங்கியது. பின்னர் ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த செயலி வடிவத்தின் அடிப்படையிலான நியோஸ் ஃபைவ் அதன் இடத்துக்கு வந்தது. 2025-இல் வெளியான ஜிசிசி 15 தொகுப்பியிலிருந்து நியோஸ் 2 நீக்கப்பட்டுவிட்டது. கெர்னலில் நிரல் இருந்தாலும், அதைத் தொகுக்கப் பழைய தொகுப்பியைப் பாதுகாத்து வைக்க வேண்டும். போர்டின் ஆதரவு கெர்னலை மட்டும் பொறுத்ததில்லை.

2023-இல் வாங்கிய இயந்திரம் 15 ஆண்டு உழைத்தால் சந்திக்கப்போகும் ஒரு நாளும் இருக்கிறது. 32 பிட் போர்டுகளின் பழைய முறையில், 1970-இன் தொடக்கத்திலிருந்து எண்ணப்படும் விநாடிகள் மலேசிய நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 11 மணி 14 நிமிடம் 7 விநாடியில் எண்ணின் எல்லையை முட்டும். அடுத்த விநாடி தேதி 1901-க்குத் தாவும். கெர்னல் தரப்பில் இதற்கான வேலை 2020 மார்ச்சில் வந்த 5.6 பதிப்போடு பெரும்பாலும் முடிந்துவிட்டது. அடிப்படை நூலகங்களில் மஸ்ல் 2020-லும், ஜிலிப்சி 2021-லும் 64 பிட் நேரத்துக்கு வழிசெய்தன. எனினும் பயன்பாட்டு நிரல்களை அவற்றைக் கொண்டு மீண்டும் தொகுக்க வேண்டும், போர்டிலுள்ள கடிகாரச் சிப்பும் அந்த ஆண்டை ஏற்க வேண்டும். தயாரா என்று அறிய, உதிரியாக வைத்திருக்கும் ஒரு போர்டை ஆலையின் வலையமைப்பிலிருந்து பிரித்து, அதன் கடிகாரத்தை அன்றைய காலை 11 மணிக்கு வைத்து, கால் மணி நேரம் ஓடவிட்டு, பிறகு மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் எழுப்பிப் பார்த்தால் போதும். எழுந்தபின் அது காட்டும் தேதியையும், கேமரா பதிவுகளில் விழும் நேரத்தையும், சான்றிதழ்களைச் சரிபார்க்கும் நிரல்கள் தரும் பிழைச் செய்திகளையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றும் ஒரே காரணத்தால் உடைவதில்லை.