மானிட்டர் என்பது ஓம்புநர்: ஒரு சொல் விளக்கம்

ஹேலோ என்னும் வீடியோ விளையாட்டின் கதையைத் தமிழில் சொல்ல வருகிறவர்கள் பேசிவைத்துக்கொண்டதுபோல 'மானிட்டர்' என்பதைக் 'கண்காணிப்பான்' என்றே எழுதுகிறார்கள். அகராதியைத் திறந்ததும் கண்ணில் பட்ட முதல் சொல்லை எடுத்து, பின்னால் ஓர் 'ஆன்' ஒட்டி முடித்துவிட்ட வேலை இது. அதில் என்ன பிழை என்று என்னிடம் பலமுறை கேட்டுவிட்டார்கள், பதிலை எழுதிவைப்பதே நல்லது.

முதலில் பொருள். ஃபோர்ரன்னர் என்னும் மறைந்துபோன பேரினம் விண்வெளியில் ஏழு வளையங்களைக் கட்டிவைத்தது. ஒவ்வொன்றின் விட்டமும் 10,000 கிலோமீட்டர். ஃப்ளட் என்னும் ஒட்டுண்ணி, உணர்வுள்ள உயிர்களின் உடலைப் பற்றிக்கொண்டு பரவுவது. அதற்கு இரையே இல்லாமல் செய்துவிட, விண்மீன் மண்டலம் முழுவதும் உள்ள அத்தகைய உயிர்களை அழிக்கும் கருவிகள் அந்த வளையங்கள். கதைப்படி ஏறத்தாழ 1,00,000 ஆண்டுகளுக்கு முன் அவை இயக்கப்பட்டன. ஃபோர்ரன்னர்களின் உலகமும் அதோடு முடிந்தது. வளையங்கள் மட்டும் எஞ்சின. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒவ்வொன்றிலும் ஒரு செயற்கை நுண்ணறிவு அமர்த்தப்பட்டிருந்தது. அதன் பதவிப் பெயர்தான் மானிட்டர். 2001இல் வெளிவந்த முதல் விளையாட்டில் நாம் சந்திப்பது நான்காம் வளையத்தின் மானிட்டரான 343 கில்ட்டி ஸ்பார்க். ஐந்தாம் வளையத்தில் 2401 பெனிட்டன்ட் டேன்ஜென்ட். எண்கள் ஏழின் அடுக்குகள்: மூன்று ஏழுகளைப் பெருக்கினால் 343, நான்கைப் பெருக்கினால் 2401.

சொல்லின் பிறப்பு நீளமான கதை அன்று. லத்தீனில் 'மொனேரே' என்றால் நினைவூட்டுதல், எச்சரித்தல், அறிவுறுத்தல். அதைச் செய்பவர் 'மொனிட்டோர்'. ஆங்கிலத்தில் அது பள்ளியில் மற்ற மாணவர்களை ஒழுங்குபடுத்தும் மாணவனைக் குறித்தது. 1862இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறங்கிய இரும்புக் கப்பலுக்கும் அதே பெயர். எதிரிக்கு எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று அதை வடிவமைத்த ஜான் எரிக்சன் வைத்தது. கணினித் திரை, இதயத் துடிப்பைக் காட்டும் கருவி எல்லாம் பின்னால் வந்தவை. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வேரில் 'பார்த்தல்' என்ற பொருளே இல்லை, இருப்பது 'சொல்லுதல்'. அப்படியிருக்க, தமிழில் மட்டும் 'கண்' எங்கிருந்து வந்தது?

வேரைப் பின்பற்றித்தான் ஆகவேண்டும் என்றால் வள்ளுவரிடமே சொல் இருக்கிறது: 'இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்' என்கிறாரே, அந்த 'இடிப்பார்'. தவறு செய்கையில் இடித்துரைப்பவர். லத்தீன் மொனிட்டோருக்கு இதைவிடப் பொருத்தமான தமிழை நான் கண்டதில்லை. பள்ளி மானிட்டருக்கும் நம்மிடம் பழைய சொல் இருந்தது. திண்ணைப் பள்ளியில் ஆசிரியருக்கு அடுத்த நிலையில் இருந்து மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவன் சட்டாம்பிள்ளை. இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைச் சென்னையில் கண்ட ஆண்ட்ரூ பெல், மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை வகுத்து 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். பிரிட்டனில் அது 'மானிட்டர் முறை' என்றே பரவியது. சட்டாம்பிள்ளைக்குப் பொருள் சொல்ல வந்த ஆங்கிலச் சொல்லுக்கு, நாம் திரும்பவும் தமிழ் தேடிக் 'கண்காணிப்பான்' என்கிறோம்.

ஆனால் வளையத்தில் இருப்பது சட்டாம்பிள்ளையும் அன்று, இடிப்பாரும் அன்று. பதவிப் பெயரை மொழிபெயர்க்கும்போது வேரைவிட வேலையைப் பார்ப்பதே முறை. கண்காணிப்பானின் சிக்கலும் வேலையில்தான் தொடங்குகிறது.

'கண்காணி' நல்ல பழஞ்சொல். அதை நான் குறை சொல்லவில்லை. திருமூலர் பாடுகிறார்:

கண்காணி இல்லென்று கள்ளம் பலசெய்வார்
கண்காணி இல்லா இடமில்லை காணுங்கால்

கண்காணி இருப்பது கள்ளம் நடக்காமல் இருக்க. யாரோ ஒருவர் தவறு செய்யக்கூடும், அவர்மேல் ஒரு கண் வேண்டும் என்பதே அந்தச் சொல்லின் உயிர். தேயிலைத் தோட்டங்களிலும் ரப்பர் தோட்டங்களிலும் கூலிகளை மேய்த்த 'கங்காணி' இதன் மரூஉ. அந்தச் சொல்லில் இன்னமும் பிரம்பின் நிழல் இருக்கிறது. கண்காணிப்பு என்றால் கண்காணிக்கப்படுகிறவர் ஒருவர் இருந்தாக வேண்டும். ஆளற்ற வளையத்தில் நூறாயிரம் ஆண்டுகள் தனித்திருந்தது யாரைக் கண்காணித்தது? அடைத்துவைத்த ஃப்ளட் மாதிரிகளை என்று பதில் வரும். அவற்றை வெறுமனே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு மானிட்டர் தேவையில்லை. கில்ட்டி ஸ்பார்க் செய்தது அடைப்புகள் உடையாமல் காத்தது, வளையத்தைப் பழுது பார்த்தது, சென்டினல் என்னும் காவல் இயந்திரங்களை ஏவியது, விதிமுறையைப் பிசகாமல் கடைப்பிடித்தது.

அதன் அதிகாரம் எவ்வளவு குறுகியது என்பதையும் பார்க்கவேண்டும். வளையத்தை இயக்கத் தேவையான திறவுகோலான இண்டெக்ஸை எடுத்துவருவதற்கு அது விளையாட்டின் நாயகரான மாஸ்டர் சீஃபைக் கூட்டிப்போகிறது. எடுத்துவந்த பின்னும், அதைப் பொருத்தும் உரிமை தன் நிலையில் உள்ளோருக்கு இல்லை என்று சொல்லி அவரிடமே கொடுக்கிறது. சாவி கையில் இருந்தும் திறக்க உரிமை இல்லாத நிலை. கண்காணிப்பவர் மேலிருந்து பார்ப்பவர். இங்கே இருப்பது இன்னொருவர் உடைமையை அவர் வரும்வரை காத்துவைத்திருக்கும் வேலை.

இலக்கணமும் இந்தச் சொல்லுக்கு எதிராக நிற்கிறது. 'கண்காணிப்பான்' என்பது ஏற்கனவே ஒரு வினைமுற்று. அவன் கண்காணிப்பான், அவள் கண்காணிப்பாள். 'கண்காணிப்பான் கதவைத் திறந்தான்' என்று எழுதினால், படிப்பவர் முதல் சொல்லிலேயே வாக்கியம் முடிந்துவிட்டதாக எண்ணித் தடுமாறிப் பின்வாங்க வேண்டியிருக்கிறது. தடுமாற்றம் தீர 'கண்காணிப்பாளர்' என்று சிலர் திருத்துகிறார்கள். அது காவல்துறை அதிகாரியின் பதவி. நாளிதழில் தினமும் வருகிற காவல் கண்காணிப்பாளரை வாசகர் மனத்திலிருந்து எந்த மொழிபெயர்ப்பாளரும் விரட்டிவிட முடியாது.

வேறு சொற்கள் இல்லாமலில்லை. 'காவலர்' வேண்டாம், அதைச் சென்டினலுக்கு விட்டுவைக்கவேண்டும். ஒரு கதையுலகின் சொற்களை ஒவ்வொன்றாகத் தனித்தனியே மொழிபெயர்க்கிறவர்கள், மூன்றாம் அத்தியாயத்தில் சொல் தீர்ந்துபோய் விழிப்பது இப்படித்தான். 'காப்பாளர்' என்றால் விடுதிக் காப்பாளர் நினைவுக்கு வருகிறார், என்றாலும் பொருளில் பழுதில்லை. இரண்டாம் இடத்துக்கு நான் ஏற்பேன். 'காப்பாட்சியர்' அருங்காட்சியகத்துக்கு உரியது. 'பராமரிப்பாளர்' வடமொழி வேரிலிருந்து வந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் பராமரிப்பு இப்போது எண்ணெய் விடுவதும் விளக்கு மாற்றுவதும் என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. 'காபந்து அரசு' என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றனவே, அந்தக் 'காபந்து' பொருளளவில் வியக்கத்தக்க நெருக்கம்: உரியவர் வரும்வரை பொறுப்பேற்றிருத்தல். ஆனால் ஒரு தேர்தலுக்கும் அடுத்ததற்கும் நடுவிலான வாடை அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நூறாயிரம் ஆண்டுகளை அது தாங்காது.

என் தேர்வு 'ஓம்புநர்'.

ஓம்புதல் என்றால் பேணிக் காத்தல். விருந்தோம்பல் எல்லோருக்கும் தெரிந்த சொல். 'பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்' என்பது குறள். பார்வையைவிட அக்கறை முன்நிற்கும் வினை இது. ஓம்புபவருக்கு ஓம்பப்படும் பொருள்மேல் பற்று வந்துவிடுகிறது. 2007இல் வந்த மூன்றாம் விளையாட்டில் கில்ட்டி ஸ்பார்க் செய்வதை நினைத்துப் பாருங்கள். புதிதாகக் கட்டப்பட்டுவரும் வளையத்தை முழுமை பெறுமுன் இயக்கினால் அது சிதைந்துவிடும் என்று தெரிந்ததும், அதுவரை உடன் வந்தவர்களையே தாக்குகிறது. சார்ஜென்ட் ஜான்சன் உயிரிழக்கிறார். தன் வளையம் என்ற பற்று. கண்காணிப்பவருக்கு அந்த வெறி வர வழியில்லை. ஓம்பியவருக்கு வரும்.

அதோடு, ஓம்பு என்ற வினைக்கு இன்னொரு முகம் இருக்கிறது. என்னை இந்தச் சொல்லில் நிறுத்தியது அதுதான். 'வினைக்கண் வினைகெடல் ஓம்பல்' என்ற குறளில் ஓம்பல் என்றால் தவிர்க்க, ஒழிக என்று பொருள். சங்கப் பாடல்களில் வரும் 'ஓம்பா ஈகை' தனக்கென்று எதையும் தடுத்து வைத்துக்கொள்ளாத கொடை. ஆக, பேணுதல், விலக்குதல், வெளியே விடாமல் தடுத்துவைத்தல் எல்லாம் ஒரே வினைக்குள் அடங்குகின்றன. வளையத்தைப் பேணவும் ஃப்ளட்டைத் தடுத்துவைக்கவும் அமர்த்தப்பட்ட ஒன்றுக்கு வேறு எந்த மொழியில் இப்படி ஒரு சொல் வாய்க்கும்?

எழுத்துப் பற்றி ஒரு சொல். ஓட்டுநர், இயக்குநர், ஆளுநர் போல இதற்கும் 'ந'தான். 'இயக்குனர்' என்று எழுதியெழுதிப் பழகிய கைகள் இதையும் 'ஓம்புனர்' ஆக்கிவிடும் என்ற கவலை எனக்கு உண்டு. ஓம்பு என்பதோடு 'நர்' சேர்கிறது. இடையில் றன்னகரத்துக்கு வேலை இல்லை. 'ஓம்பி' என்று சுருக்கலாமே, செயலி, உலாவி என்றெல்லாம் இருக்கின்றனவே என்று கேட்கலாம். கருவிக்கு அது சரி. பேசவும் வருந்தவும் பொய் சொல்லவும் தெரிந்த ஒன்றைக் கருவியாக்கக்கூடாது.

இங்கேதான் திணைச் சிக்கல் வருகிறது. பல தமிழாக்கங்களில் ஒரே பத்தியில் மானிட்டர் 'வந்தது', 'சொன்னார்', 'சிரித்தான்' என்று மூன்று முடிபுகளையும் பார்க்கலாம். நன்னூல் 'மக்கள் தேவர் நரகர் உயர்திணை' என்று வகுத்தது. மனிதரல்லாத தேவரையும் நரகரையும் இலக்கணமே உயர்திணையில் சேர்த்திருக்க, சிந்தித்துப் பேசும் அறிவுக்கு அங்கே இடம் தர மறுக்கவேண்டியதில்லை. பின்னர் வந்த நாவல்களின்படி கில்ட்டி ஸ்பார்க் பழங்கால மனிதன் ஒருவனின் மனத்திலிருந்து உருவானது. அது உயர்திணைக்கு இன்னும் வலுச் சேர்க்கும். இருந்தாலும் முதல் விளையாட்டின் கதையைச் சொல்லும்போது அந்த உண்மை வாசகருக்குத் தெரியாது. நான் இந்தக் கட்டுரையில் அஃறிணையை ஆண்டது அதனால்தான். கதைசொல்லி 'அது' என்றும், பழகிய பாத்திரங்கள் 'அவர்' என்றும் சொல்லட்டும். எதுவானாலும் பத்திக்குப் பத்தி மாற்றக்கூடாது.

ஃபோர்ரன்னர்களின் செயற்கை நுண்ணறிவுகள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் 'ஆன்சில்லா'. லத்தீனில் பணிப்பெண். இதற்கு 'ஏவலர்' போதும். ஓம்புநர் அந்த ஏவலரில் ஒரு பதவி. எல்லாவற்றையும் கண்காணிப்பான் என்று ஒரே மூட்டையில் கட்டுவதால், மெண்டிகன்ட் பயஸ்கூடக் கண்காணிப்பானாகத் திரிகிறது. ஃப்ளட்டை எதிர்த்துப் போரிட அமைக்கப்பட்டு, சிறைப்பட்ட எதிரியோடு 43 ஆண்டுகள் உரையாடி, இறுதியில் கட்சி மாறிய அறிவு அது. அது எதையும் ஓம்பவில்லை, எதையும் கண்காணிக்கவும் இல்லை. இந்த வேறுபாடு தெரியாமல் மொழிபெயர்க்க வருகிறவர்கள் கதையை ஒருமுறையாவது முழுதாகப் படித்துவிட்டு வரவேண்டும். 'ரீக்ளெய்மர்' என்பதை 'மீட்பர்' ஆக்குவதும் இதே அவசரத்தின் விளைவு. கிறித்தவத் தமிழில் மீட்பர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். கதையில் அந்தப் பெயர் தாங்குகிற மனிதர் உலகை இரட்சிக்க வந்தவர் அல்லர், தமக்குரிய சொத்தைத் திரும்பப் பெற வந்தவர். 'உரியவர்' என்று எளிதாக எழுதிவிடலாம்.

ஓம்புநர்களின் இயற்பெயர்களை மொழிபெயர்க்காமல் விடுவதே என் வழக்கம். பெனிட்டன்ட் டேன்ஜென்ட்டுக்குத் தமிழ் செய்யப்போனால் கணக்குப் பாடம்தான் மிஞ்சும். கில்ட்டி ஸ்பார்க் ஒன்றுக்கு மட்டும் விலக்கு அளிக்கத் தோன்றுகிறது. தமிழில் 'பொறி' என்றால் தீப்பொறி. பொறி என்றால் இயந்திரமும்கூட. 'குற்றப்பொறி' என்று எழுதினால் ஆங்கிலப் பெயரில் இல்லாத இரண்டாம் பொருளும் சேர்ந்து வருகிறது. 'குற்றவுணர்வுப் பொறி' என்று விரித்து எழுதச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம், அந்த உயிர் தன் குற்றத்தை உணர்ந்ததா இல்லையா என்பதை முதல் விளையாட்டு முடிவு செய்யவில்லை, பெயரும் முடிவு செய்யக்கூடாது.