தண்ணீர் போட்டுக் கொடுத்த சைக்கிள் பாதை

வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து பிளஸ் ஒன் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஸ்கூலுக்கு ரோட்டு வழியாப் போனா மூச்சு வாங்குது சார். பெரியாறு கால்வாய்க் கரையில போனா தூரம் கூடுதல், ஆனா களைப்பே தெரியல. தண்ணியோட குளிர்ச்சிதான் காரணமா?"

குளிர்ச்சிக்கும் மரநிழலுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. ஆனால் கால்வாய் காய்ந்து கிடக்கும் மாதங்களில் அதே கரையில் போய்ப் பாருங்கள், அப்போதும் கால் வலிக்காது. விஷயம் கரை போகிற விதத்தில் இருக்கிறது.

முதலில் கணக்கைச் சட்டென்று முடித்துவிடுவோம். சைக்கிளைப் பின்னுக்கு இழுப்பவை மூன்று: டயர் நசுங்கி நசுங்கி உருள்வதால் வரும் தடை, காற்று, மேடு. ஆள், சைக்கிள், புத்தகப் பை எல்லாம் சேர்த்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தார் ரோட்டில் டயரின் இழுவை சுமார் அரை கிலோ. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் இழுவை இன்னொரு 600 கிராம். மேட்டுக்கு வெறும் வகுத்தல் போதும். 30 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் மேம்பாலம் என்றால், 90-ஐ 30-ஆல் வகுத்து 3 கிலோ. (நியூட்டனில்தான் சொல்ல வேண்டும் என்பவர்கள் 10-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.)

ஆக, சமதளத்தில் ஒரு கிலோ சொச்சத்தைத் தள்ளிவந்த கால், பாலம் வந்ததும் நாலு கிலோவைத் தள்ளியாக வேண்டும். அரசு கொடுத்த சைக்கிளில் கியர் கிடையாது. கூடுதல் பாரம் அப்படியே முழங்காலுக்கு வரும். சீட்டை விட்டு எழுந்து நின்று மிதிக்கிறோம். தசைக்கு வேண்டிய ஆக்சிஜன் அந்த வேகத்தில் வந்து சேராது, அதனால்தான் மூச்சு வாங்குகிறது. இறங்கும்போது திரும்பக் கிடைக்காதா என்றால், கிடைப்பதில் பெரும்பகுதியைக் காற்றும் பிரேக் கட்டையும் தின்றுவிடும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத் தடை நாலு மடங்கு. செலவழித்த தெம்பு தொடைக்குள் திரும்பி வருவதில்லை.

கால்வாய்க் கரையில் மண் தடம். அங்கே டயரின் இழுவை தார் ரோட்டைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதாவது, மேடுபள்ளமே இல்லாத தார் ரோடு ஒன்று இருந்தால் அதுதான் சுலபம். நம் பக்கத்து ரோடுகள் அப்படியில்லை. ஓடைக்கு இறங்கி, மேட்டுக்கு ஏறி, ரயில் பாலத்தைத் தாண்டிப் போகின்றன. கரையில் காற்றையும் சேர்த்து ஒன்றரை கிலோ என்றால் கடைசி வரை அதே ஒன்றரை கிலோதான்.

சரி, கரை மட்டும் ஏன் அப்படி மட்டமாகப் போகிறது? எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

சிமெண்டுத் தரையில் கோலிக்குண்டை வைத்தால் கண்ணுக்குத் தெரியாத சரிவையும் காட்டிக்கொடுத்துவிடும். அதையே மணலில் வைத்தால் சும்மா கிடக்கும். எது சுலபமாக உருளுகிறதோ, அதற்குத்தான் சின்னச் சரிவும் பெரிய சரிவு. நடப்பவருக்கு நூற்றுக்கு ஒரு மீட்டர் ஏற்றம் பொருட்டே இல்லை. சைக்கிளுக்குத் தெரியும். ரயிலுக்கு அது மலை. தண்ணீருக்கோ ஏறுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இறங்குவதிலும் அதற்கு ஏகப்பட்ட நிபந்தனை.

கால்வாய் அதிகம் சரிந்தால் தண்ணீர் வேகமெடுத்துக் கரையை அரிக்கும். சரிவு போதவில்லை என்றால் வேகம் குறைந்து வண்டல் படியும். சில வருடங்களில் கால்வாய் தூர்ந்துபோகும். இரண்டுக்கும் நடுவில் சரியான வேகம் எது? இதற்கு விடை தேடியவர் பஞ்சாபில் வேலை பார்த்த கென்னடி என்ற பொறியாளர். அங்குள்ள மேல் பாரி தோவாப் என்ற பாசனக் கால்வாயில் வருடக்கணக்காக அரிப்பும் இல்லாமல் தூர்வும் இல்லாமல் தானாகவே நிலைத்துவிட்ட பகுதிகளைத் தேடிப் பிடித்து, அங்கே ஆழத்தையும் வேகத்தையும் அளந்தார். பெரிய கருவி எதுவும் கிடையாது. அவர் கண்ட விளக்கம் அழகானது. ஓடும் தண்ணீர் அடித்தரையின் கரடுமுரடில் உரசும்போது குட்டிக் குட்டிச் சுழல்கள் கிளம்பி மேலே வருகின்றன. வண்டலைக் கீழே விழவிடாமல் ஏந்திக்கொண்டிருப்பவை அந்தச் சுழல்கள்தான். ஆழம் கூடினால் ஏந்த வேண்டிய உயரமும் கூடும், அதனால் வேகமும் கூட வேண்டும். ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு அவருடைய சூத்திரம் தரும் வேகம் வினாடிக்குச் சுமார் 70 சென்டிமீட்டர், நாம் நடக்கிற வேகத்தில் பாதி.

கென்னடி இதை வெளியிட்டது 1895-ல். பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணை திறக்கப்பட்டதும் அதே 1895-ல்தான். ராக்கெட்டுக்குப் பணம் கேட்டால் கொடுப்பார்கள். பத்து வருடம் உட்கார்ந்து வண்டலை அளக்கிறேன் என்று இன்றைக்கு யாராவது விண்ணப்பித்தால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். நாம் சாப்பிடும் சோறு இந்த இரண்டாவது வகை ஆராய்ச்சியிலிருந்துதான் வருகிறது.

அந்த 70 சென்டிமீட்டர் வேகத்துக்கு, சாதாரண மண் கால்வாயில் வேண்டிய சரிவு ஐயாயிரத்தில் ஒன்று. கிலோமீட்டருக்கு 20 சென்டிமீட்டர், ஒரு சாணுக்கும் குறைவு. நம்முடைய 90 கிலோவை 5000-ஆல் வகுத்தால் 18 கிராம். திரும்பி வரும்போது எதிரே நிற்கும் மொத்த மேடு அவ்வளவுதான்.

சரிவில் கஞ்சத்தனம் காட்ட இன்னொரு காரணமும் உண்டு. கால்வாய் வயலைவிட உயரத்தில் இருந்தால்தான் மடையைத் திறந்ததும் தண்ணீர் தானாகப் பாயும். பேரணையில் வைகையை விட்டுப் பிரியும் பெரியாறு பிரதான கால்வாய், சிறுமலை அடிவாரத்தை ஒட்டி, அழகர்மலைப் பக்கம் கள்ளந்திரிக்கும் அதைத் தாண்டி மேலூர்ப் பக்கமும் போகிறது. கள்ளந்திரி வரை மட்டும் இருபோகப் பாசனம் 45,041 ஏக்கர். வழியில் உயரத்தை வீணாக்கினால் அந்த அளவுக்கு நிலம் பாசனத்திலிருந்து நழுவிவிடும். அதனால்தான் மேடு வந்தால் ஏறாமல், பள்ளம் வந்தால் இறங்காமல், ஒரே மட்டத்தைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து போகிறது. பக்கத்திலேயே வைகை வேகமாக இறங்கிக்கொண்டே இருக்க, கால்வாய் மேலேயே தங்கிவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. இப்படிப்பட்ட கரையில் நின்று பார்த்தால், சில இடங்களில் தண்ணீர் மேட்டில் ஏறுவதுபோலத் தெரியும். சுற்றியுள்ள நிலம் வேகமாகச் சரிகிறது. கண் அதையே சமதளம் என்று எடுத்துக்கொள்கிறது. அதைவிட மெதுவாக இறங்கும் கால்வாய் ஏறுவதாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான். லடாக்கில் லே நகருக்குப் பக்கத்தில் உள்ள 'காந்தக் குன்று' கதையும் இதே கண்மயக்கம்தான். வண்டியை நியூட்ரலில் விட்டால் காந்தம் மேலே இழுக்கிறது என்று வீடியோ போடுகிறார்கள். காந்தம் இழுக்கிறது என்றால் அங்கே தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? தண்ணீரைக் காந்தம் இழுக்காது. கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலை ஒருமுறை பிடித்துப் பார்த்தால் மர்மம் முடிந்தது.

ரயிலுக்கு வருவோம். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம், நசுங்கல் இல்லையென்றே சொல்லலாம். மெதுவாகப் போகையில் ஒரு டன்னை இழுக்க 2 கிலோ விசை போதும். நூற்றுக்கு ஒன்று சரிவு வந்தால் டன்னுக்கு 10 கிலோ கூடும். 2 இருந்த இடத்தில் 12, ஆறு மடங்கு! அதனால்தான் ரயில்பாதை போடுபவர்கள் மேட்டை வெட்டி, வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் கொட்டி உயர்த்தி, கூடியவரை மட்டமாக்குகிறார்கள். உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவே கணவாயில் பாறையைப் பிளந்துகொண்டு போகும் மதுரை–போடி ரயில் லைனைப் பார்த்தால் புரியும்.

வெளிநாடுகளில் ரயில் நின்றுபோன பாதைகளில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுச் சைக்கிள் தடம் ஆக்கியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்கும் பாத் நகருக்கும் நடுவே 21 கிலோமீட்டர். நியூசிலாந்தின் ஒட்டாகோவில் 152 கிலோமீட்டர், மலைநாடாக இருந்தும் மிகச் செங்குத்தான இடத்திலேயே ஐம்பதுக்கு ஒன்றுதான். பாட்டிகளும் பேரன்களும் ஊர் ஊராகத் தங்கி நிதானமாக ஓட்டிக்கொண்டு போகிறார்கள். 1928-ல் வந்த நம்முடைய மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதையும் 2010 கடைசியில் நிறுத்தப்பட்டு வருடக்கணக்கில் வெறும் மண்மேடாகத்தான் கிடந்தது. அப்போதே சைக்கிள் பாதை ஆக்கியிருக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். எனக்கு உடன்பாடு இல்லை. 2023-ல் அகலப்பாதையில் போடி வரை ரயில் வந்தது நூறு சைக்கிள் பாதைக்குச் சமம். நமக்குத்தான் கால்வாய்க் கரை இருக்கிறதே. மதகு பார்க்கப் போகும் ஜீப்புக்காக இருக்கும் தடத்தில் கொஞ்சம் சரளை கொட்டி இறுக்கி, சீமைக்கருவேலத்தை வெட்டிவிட்டால் போதும். ஒரு மேம்பாலத்துக்கு ஆகும் செலவில் சிந்துவது, சிதறுவதே இதற்குக் காணும்.

அதுவரை டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைப்பது நல்லது. கல் மாதிரி அடித்து வைத்தால் ஒவ்வொரு சல்லிக்கும் மொத்தச் சைக்கிளும் எம்பி இறங்கும். அந்தக் குலுக்கலில் போவதெல்லாம் நம் தெம்புதான். கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக அமுங்கும் டயர், சல்லியை உள்வாங்கிக்கொண்டு போகும். தண்ணீர் ஓடும் நாட்களில் இருட்டிய பிறகு அந்தப் பக்கம் போகவே வேண்டாம். மடையருகே காலைப் பிடித்து இழுப்பது பேய் என்பார்கள். இழுப்பது தண்ணீர்தான், பேயைவிடப் பொல்லாதது.

மேடு தொலைந்த பாதையில் மிச்சமிருக்கும் ஒரே மேடு காற்று. 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றும் 15 என்றால், 600 கிராம் இழுவை நாலு மடங்காகும். வழி நெடுக ஐம்பதுக்கு ஒன்று ஏறுவதற்குச் சமம். ஆடி மாதம் நம் பக்கம் மேற்கிலிருந்துதான் காற்று. வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, மேலே ஓடும் வேகக் காற்றைக் கீழே கலந்துவிடும். அதனால் மத்தியானத்துக்கு மேல் அது பலக்கும். பேரணைப் பக்கம் மேற்கே போவதென்றால் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். சாயங்காலம் திரும்பும்போது காற்றும் உங்கள் வேகத்திலேயே வந்தால், முகத்தில் காற்றே தெரியாது. டயரின் இழுவையை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.