பாலும் மீனும் சோறும்: உறைய வைக்க உகந்த நாள் எது?

தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம் என் ஆலோசனை அறைக்கு வருகிறவர்களில் இரண்டு மூன்று பேராவது பாலைப் பற்றிக் கேட்காமல் போவதில்லை. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதற்காக வாங்கியதில் சில போத்தல்கள் மிஞ்சிவிடுகின்றன. அவை ஐஸ்பெட்டியில் ஒரு வாரம் கிடக்கின்றன. காலாவதித் தேதிக்கு முந்தைய இரவு, காசு போட்டு வாங்கியது வீணாகிவிடுமே என்ற பதற்றத்தில், திறந்ததும் திறக்காததுமாக எல்லாவற்றையும் மேலே உறைபெட்டிக்குள் தள்ளிவிடுகிறார்கள். இரண்டு வாரம் கழித்து என்னிடம், "மிஸ், அந்தப் பால இன்னும் குடிக்கலாமா?" என்று கேட்கிறார்கள்.

பினாங்கில் உணவியல் ஆலோசகராக இருக்கும் எனக்கு, மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்யும் குடும்பங்களோடுதான் பெரும்பாலும் பேச்சு. அவர்கள் பாலையும் மீனையும் உறைய வைப்பதை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆனால் உறைய வைப்பதைக் கடைசி நாள் மருத்துவமாகக் கருதுவதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை. சாமான் வாங்கிய அன்றே, அது நல்ல நிலையில் இருக்கும்போதே உறைய வைத்தால்தான் காசும் மிஞ்சும், உடம்பும் தப்பும்.

காரணம் எளியது. உறைபெட்டி கிருமிகளைக் கொல்வதில்லை. பூஜ்யத்துக்குக் கீழே 18 பாகை செல்சியஸ் குளிரில் அவை பெருகாமல் நிற்கின்றன, அவ்வளவுதான். உள்ளே போகும்போது பாலில் எத்தனை கிருமிகள் இருந்தனவோ, அவற்றில் பெரும்பாலானவை உருகி வெளியே வரும்போதும் உயிரோடு இருந்து, வெப்பம் கிடைத்ததும் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்கின்றன. ஏழு நாள் பழைய பாலை உறைய வைத்தால் உங்களுக்குத் திரும்பக் கிடைப்பதும் ஏழு நாள் பழைய பால்தான்.

ஆகவே பெரிய போத்தல் மலிவு என்று இரண்டு லிட்டராக வாங்குகிறவர்கள், வீட்டுக்கு வந்த கையோடு, மூன்று நாளுக்குத் தேவையானதைக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு மீதியைச் சிறு சிறு பங்காகப் பிரித்து உறைய வையுங்கள். பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு நீர். நீர் உறையும்போது 9 விழுக்காடு அளவுக்கு விரியும். எனவே பாத்திரத்தின் கழுத்துவரை ஊற்றாமல் இரண்டு விரற்கடை இடம் விட வேண்டும். கண்ணாடிப் போத்தலைத் தொடவே வேண்டாம், அது வெடித்துவிடும். 250 மில்லிலிட்டர் பிடிக்கும் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒரு குடும்பத்தின் காலைத் தேநீருக்குப் போதும். தனியாக வாழும் முதியவர்களுக்கு நான் சொல்வது ஐஸ்கட்டித் தட்டு: இரண்டு கட்டியை எடுத்துக் கொதிக்கும் தேநீரில் நேராகப் போட்டுவிடலாம்.

உறைந்த பால் மஞ்சளித்துத் தெரியும். அதைக் கண்டு பயந்து கொட்டிவிட்ட அம்மாக்கள் பலர். அது கெட்டதற்கு அடையாளம் அல்ல; உருகியதும் வெண்மை திரும்பிவிடும். உருகிய பாலில் சின்னச் சின்னத் துணுக்குகள் மிதப்பதும் இயல்பே. கொழுப்புத் துளிகளைச் சுற்றியிருக்கும் மெல்லிய படலத்தைப் பனிப்படிகங்கள் கிழித்துவிடுவதாலும், புரதம் கொஞ்சம் திரண்டுகொள்வதாலும் அப்படி ஆகிறது. நன்றாகக் குலுக்கினால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். வெறும் பாலாகக் குடிப்பவர்களுக்கு அந்த வேறுபாடு நாக்கில் தெரியலாம். பாயசத்திலும் தேநீரிலும் தெரியாது. மூன்று மாதம் வரை வைத்திருக்கலாம் என்றாலும், ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுவதுதான் சுவைக்கு நல்லது. உருக வைப்பது எப்போதும் ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில், முந்தைய இரவே. சமையலறை மேடையில் வைத்து உருக்கினால் நம் ஊர் வெக்கையில் வெளிப்பால் சூடேறிப் புளிக்கத் தொடங்கும்போதும் நடுவில் கட்டி அப்படியே இருக்கும். உருகிய பாலை இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மறுபடி உறைய வைக்காதீர்கள். திறக்காத பெட்டிப்பால், அதாவது உயர்வெப்பத்தில் பதப்படுத்திய பால், அலமாரியிலேயே மாதக்கணக்கில் இருக்கும். அதற்காக உறைபெட்டியின் இடத்தை அடைக்க வேண்டியதில்லை. மாட்டுக்காரரிடம் கறந்த பாலாக வாங்குகிறவர்கள் மட்டும், முதலில் பொங்கக் காய்ச்சி, ஆற வைத்து, அதன் பிறகே உறைய வைக்க வேண்டும். பச்சைப்பாலில் இருக்கும் கிருமிகளை நெருப்புதான் கொல்லும்.

பாலைவிட மீனில்தான் நாள் தவறுவது அதிக ஆபத்து. கெம்போங் (கானாங்கெளுத்தி), தெங்கிரி (வஞ்சிரம்), சூரை ஆகிய மூன்றும் நம் வீடுகளில் வாரத்தில் பாதி நாள் குழம்பாகின்றன. இவற்றின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் புரதக்கூறு நிறைய இருக்கிறது. மீன் குளிரில்லாமல் கிடக்கும் நேரத்தில் கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. அப்படி ஒரு முறை உண்டாகிவிட்ட ஹிஸ்டமினை உறைபெட்டியும் அழிக்காது, கொதிக்கும் குழம்பும் அழிக்காது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, வாய் எரிந்து, தலை வலித்து, உடம்பு அரித்து, நெஞ்சு படபடக்கும். "எனக்குக் கெம்போங் ஒத்துக்காது மிஸ்" என்று பல ஆண்டுகளாக அந்த மீனை ஒதுக்கி வைத்திருந்த ஒரு பெரியவரிடம் நிதானமாக விசாரித்தபோது, இளவயதில் அதே மீனை ஒரு தொல்லையும் இல்லாமல் தின்றிருக்கிறார் என்பது தெரிந்தது. விடியற்காலையில் சந்தையில் வாங்கிய மீனை மோட்டார்சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டு, வேறு இரண்டு வேலைகளையும் முடித்துவிட்டு நண்பகலில் வீடு சேருவது அவருடைய வழக்கம். மீன் அவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதா, அல்லது அந்த ஆறு மணி நேர வெயில் ஒத்துக்கொள்ளாமல் போனதா என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்லி, ஒவ்வாமைப் பரிசோதனைக்காக அவரை மருத்துவரிடம் அனுப்பினேன். இப்படி ஒரு முறை ஆகிவிட்டால் நீங்களாகவே சோதித்துப் பார்க்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

சீனப் புத்தாண்டையொட்டி மீனவர்கள் கடலுக்குப் போகாத நாள்களில் மீன் விலை ஏறும் என்பது சந்தைக்குப் போகிற எவருக்கும் தெரியும். அதற்கு முன்பே வாங்கி வைப்பது நல்ல சிக்கனம். ஆனால் சந்தைக்குப் போகும்போதே ஐஸ்கட்டி போட்ட பெட்டி ஒன்றைக் கொண்டு போங்கள். மீனைக் கடைசியாக வாங்குங்கள். நேராக வீட்டுக்கு வாருங்கள். குடலை நீக்கிக் கழுவி, ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவை மட்டும் ஒரு பையில் ஒரே அடுக்காகப் பரப்பி, காற்றை வெளியேற்றிக் கட்டுங்கள். தட்டையான பை வேகமாக உறையும். வேகமாக உறைந்தால் பனிப்படிகங்கள் சிறியவையாக இருக்கும்; உருகும்போது மீனின் சாறெல்லாம் தண்ணீராக வழிந்து போகாது. கோழிக்கும் இதே முறைதான். முழுக்கோழியாக உறைய வைத்துவிட்டு ஞாயிறு காலையில் வாளித் தண்ணீரில் ஊறப்போடும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

சோற்றை உறைய வைக்கலாம் என்றால் பலர் நம்புவதில்லை. மிஞ்சிய சோற்றை இரவெல்லாம் அடுப்படியில் மூடி வைத்துவிட்டுக் காலையில் நாசி கோரேங்காக, அதாவது வறுத்த சோறாக, புரட்டுவதுதான் அவர்களுக்குச் சிக்கனம். அரிசியில் இருக்கும் பாசில்லஸ் செரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் சோறு வேகும்போதும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகி, வாந்தி உண்டாக்கும் நச்சைச் சுரக்கின்றன. வாணலியில் எவ்வளவு வறுத்தாலும் அந்த நச்சு அப்படியே இருக்கும். எனவே சாப்பாடு முடிந்ததும் மிச்சச் சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆற்றி, பங்கு பங்காகப் பையில் போட்டு, சமைத்து முடித்த இரண்டு மணி நேரத்துக்குள், வெயில் நேரமானால் ஒரு மணி நேரத்துக்குள், உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். வேண்டும்போது ஆவி பறக்கச் சூடாக்கினால் போதும். சோறு உதிரி உதிரியாகவே இருக்கும்.

துருவிய தேங்காய், கறிவேப்பிலை, அரைத்த மிளகாய் விழுது, இஞ்சி பூண்டு விழுது எல்லாம் அழகாக உறையும். தேங்காய்ப்பால் உறைந்து உருகினால் பிரியும். குழம்பில் ஊற்றிக் கிளறினால் தெரியாது. ரொட்டியைக் கீழ்த்தட்டில் வைத்தால் வெளியில் இருப்பதைவிட வேகமாக வறண்டுபோகும். மேலே உறைய வைத்தால் மெத்தென்றே இருக்கும். தயிர் உடைந்துவிடும், தவ்ஃபூ என்னும் சோயாக்கட்டி பஞ்சாகிவிடும், உருளைக்கிழங்கு போட்ட குழம்பில் கிழங்கு மணல் மணலாகிவிடும். முட்டையை ஓட்டோடு உறைய வைக்கவே கூடாது.

எந்தப் பையாக இருந்தாலும் மேலே ஒரு துண்டு ஒட்டுநாடாவில் உறைய வைத்த தேதியை எழுதி ஒட்டுங்கள். பனி மூடிய பை ஒன்றில் இருப்பது கோழியா, தெங்கிரியா, எந்த மாதத்தது என்று தெரியாமல் குப்பைக்குப் போகும் சாமானில்தான் நீங்கள் மிச்சம் பிடித்த காசு முழுவதும் கரைகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த அறிவுரையெல்லாம் உங்கள் பெட்டி உண்மையாகவே 18 பாகைக் குளிருக்கு இறங்கினால்தான் பொருந்தும். உறைபெட்டிக் கதவில் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்: ஒரு நட்சத்திரம் பூஜ்யத்துக்குக் கீழே 6 பாகை, இரண்டு நட்சத்திரம் 12, மூன்று நட்சத்திரம் 18. ஒற்றைக் கதவுள்ள பழைய பெட்டிகளில், உள்ளேயே சின்ன அறையாக இருக்கும் உறைபெட்டி பலவற்றுக்கு ஒரு நட்சத்திரம்தான்; அதில் ஒரு வாரத்துக்கு மேல் எதையும் நம்பி வைக்காதீர்கள்.

மின்தடை ஏற்பட்டால் கதவைத் திறக்காமல் இருப்பதே முதல் வேலை. நிறைந்த உறைபெட்டி ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் புறப்படும் முன் ஒரு சின்னக் குவளையில் தண்ணீர் உறைய வைத்து, அந்தப் பனிக்கட்டியின் மேல் ஒரு பத்துக்காசை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது காசு மேலேயே இருந்தால் எல்லாம் நலம். காசு அடியில் கிடந்து அதன் மேல் தண்ணீர் மறுபடி உறைந்திருந்தால், நீங்கள் இல்லாத நேரத்தில் பெட்டி முழுவதும் உருகியிருக்கிறது. மீனும் கோழியும் பாலும் பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவற்றைச் சமைக்காதீர்கள்.