வாவிக்கு மேலால் ஓர் இணைய இணைப்பு

மட்டக்களப்பு நகரிலிருந்து வாவியின் மறுபுறமான படுவான்கரைக்கு இணையம் வழங்கும் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்க எண்ணுபவர் இரண்டு விடயங்களை நுணுக்கமாக அறிந்திருக்க வேண்டும்: ஒன்று வாவியின் நீர்மட்டம், மற்றது இரவு எட்டு மணி. இணைப்பு நிலைத்து நிற்குமா என்பதை முன்னது தீர்மானிக்கிறது. மாதாந்தச் செலவு எவ்வளவு என்பதைப் பின்னது தீர்மானிக்கிறது.

இலங்கைக்கு வரும் கடலடிக் கேபிள்கள் கொழும்பு, மாத்தறை போன்ற மேற்கு, தெற்குக் கரைகளிலேயே ஏறுகின்றன. ஆகவே கிழக்கிலுள்ள சிறு நிறுவனம், கொழும்புவரை ஒளியிழை வைத்திருக்கும் ஒரு பெரிய வலையமைப்பிடம் மொத்தமாகக் கொள்ளளவை வாங்கி, அதை வீடுகளுக்குச் சில்லறையாகப் பகிர்கிறது. இந்தத் தூரத்தால் இணையம் மந்தமாகிவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. ஒளியிழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்வதால், சுமார் 300 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புக்குப் போய்த் திரும்ப 3 மில்லிசெக்கன் போதும். இடர் எல்லாம் கடைசிப் பத்துக் கிலோமீற்றரில் இருக்கிறது.

அந்தப் பத்துக் கிலோமீற்றரை வானொலி அலையால் கடப்பதற்கு முன், 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமமும், பயன்படுத்தும் அலைவரிசைக்கான அனுமதியும் பெற்றாக வேண்டும். கம்பம் நட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இதைத் தள்ளிப்போடக் கூடாது.

இனி வாவிக்கு வருவோம். இரண்டு அன்டெனாக்களும் ஒன்றையொன்று கண்ணால் காண்பது மட்டும் போதாது. அலை ஒரு நூல்போலச் செல்வதில்லை. நடுவில் பருத்த ஒரு சுருட்டைப்போல விரிந்து செல்கிறது. 5.8 கிகாஹேட்ஸ் அலைவரிசையில், பத்துக் கிலோமீற்றர் பாதையின் நடுப்பகுதியில் அந்தப் பருமனின் ஆரை 11 மீற்றருக்குச் சற்று மேல் இருக்கும். அதில் ஏறக்குறைய அறுபது வீதமாவது தடையின்றி இருக்க வேண்டும். இடையில் நிற்கும் ஒரு தென்னந்தோப்பே இணைப்பைக் கெடுத்துவிடும்.

தென்னையாவது கண்ணுக்குத் தெரியும் தடை. நீரோ தெரியாத தடை. அமைதியான நீர்ப்பரப்பு, சாய்வாக வந்து படும் அலையை ஏறத்தாழ முழு வலிமையோடு தெறிக்க வைக்கிறது. தெறிக்கும்போது அலையின் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாறிவிடுகின்றன. நேராக வரும் அலையும் நீரில் தெறித்து வரும் அலையும் மறுகரையில் சந்திக்கின்றன. தெறித்த அலை கூடுதலாகக் கடந்த தூரம் சரியாக ஓர் அலைநீளமாக, அதாவது 5.2 சென்ரிமீற்றராக இருந்தால், இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பூமியின் வளைவை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், இரு கரைகளிலும் 16 மீற்றர் உயரக் கம்பங்கள் நட்டால் நேர்வது இதுவே. 20 மீற்றரில் இரு அலைகளும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும்; 23 மீற்றரில் மறுபடியும் அழிவு. உயரம் கூடக் கூட இணைப்பு நன்றாகும் என்ற நம்பிக்கை வாவியின் மேல் செல்லாது.

அந்த உயரங்கூட நிலையானதன்று, ஏனெனில் அவை நீர்மட்டத்திலிருந்து அளக்கப்படுபவை. மாரியில் முகத்துவாரம் மணலால் அடைபட்டிருக்கும்போது வாவி நிறைந்து எழும்புகிறது. மணல்திட்டை வெட்டிவிட்டதும் நீர் கடலுக்கு இறங்குகிறது. ஆவணியில் பிசகின்றி ஓடிய இணைப்பு கார்த்திகையில் தடுமாறினால், கருவியைக் குறை சொல்லுமுன் வாவியைப் பார்க்க வேண்டும். இதற்கு நல்ல பரிகாரம் ஒன்று உண்டு. தெறிக்கும் இடம், கம்பங்களின் உயர விகிதப்படி, குட்டையான கம்பத்தை நோக்கி நகரும். ஒரு கரையில் 40 மீற்றரும் மறுகரையில் 10 மீற்றரும் இருந்தால், அந்த இடம் குட்டைக் கம்பத்திலிருந்து 2 கிலோமீற்றரில் விழும். அது கண்டற்காட்டில் விழும்படி இடத்தைத் தேர்ந்தால், இலைகளும் கிளைகளும் அலையைச் சிதறடித்துவிடும். வயலில் விழுந்தால் பயனில்லை. பெரும்போகத் தொடக்கத்தில் நீர் தேங்கிய வயலும் ஒரு கண்ணாடிதான். இடம் வாய்க்காவிட்டால், ஒரே கம்பத்தில் சில மீற்றர் இடைவெளியில் இரண்டாவது அன்டெனா ஒன்றைப் பொருத்தி, எந்நேரமும் வலுவான சமிக்ஞையை எடுத்துக்கொள்ளலாம்.

உயரக் கம்பம் என்றதும் மட்டக்களப்பைத் தாக்கிய 1978 நவம்பர் சூறாவளியை நினையாமல் இருக்க முடியாது. காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் விசை நான்கு மடங்காகும். எனவே மூடிய தட்டு அன்டெனாவைவிடக் கம்பி வலை அன்டெனாவே இக்கரைக்கு உகந்தது.

இணைப்பு நிலைத்தபின் வருவது இரவு எட்டு மணி. 300 வீடுகளுக்குத் தலா செக்கனுக்கு 20 மெகாபிற் விற்றால் மொத்தம் 6,000 மெகாபிற் வாங்க வேண்டும் என்பதில்லை. காணொளி சில செக்கன் அளவுத் துண்டுகளாக இறங்கி, இடையில் ஓய்கிறது. ஒரு வீட்டின் ஓய்வு இன்னொரு வீட்டுக்குப் பயன்படுகிறது. நெரிசல் நேரத்தில் வீட்டுக்குச் சராசரியாக 2 மெகாபிற் என்று கொண்டால் 600 போதும்.

மொத்த விற்பனையில் பரவலாக உள்ள கட்டண முறை ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பயன்பாட்டை அளந்து, மாத முடிவில் உச்சத்திலுள்ள ஐந்து வீதத்தைத் தள்ளிவிட்டு, எஞ்சியவற்றுள் மிக உயர்ந்த அளவுக்குப் பணம் கேட்பார்கள். முப்பது நாள் மாதத்தில் ஐந்து வீதம் என்பது 36 மணித்தியாலம்; நாளொன்றுக்கு 72 நிமிடம். எட்டு மணி முதல் பத்தரை வரை ஊரே காணொளி பார்க்குமானால், தள்ளுபடி அதில் பாதியைக்கூட மூடாது. பகலில் வாங்கிய கொள்ளளவு என்ற குழாய் வெறுமையாகக் கிடந்தாலும், பணம் அந்த இரவுக்கே செலுத்தப்படுகிறது.

குழாய் நிரம்பும் வேளையில் தரவு கருவியின் நினைவகத்தில் வரிசையாகக் காத்திருக்கிறது. செக்கனுக்கு 10 மெகாபிற் செல்லும் இணைப்பின் முன் 1 மெகாபைற், அதாவது 8 மெகாபிற், தேங்கினால், பின்னால் வரும் ஒவ்வொரு சொல்லும் 0.8 செக்கன் தாமதிக்கும். ஒவ்வொரு பாவனைக்கும் தனித்தனி வரிசை வைத்து, முறைவைத்துத் திறந்துவிடும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதை முதல் நாளே அமைத்துவிட்டால், ஓர் அறையில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதும் மற்ற அறையில் இருக்கும் தாய் கட்டாரிலுள்ள மகனோடு இடையறாமல் பேசலாம்.